எப்போதாவது மட்டும் விழுந்துவிடும் கியூபிட்டோரண்ட்: காரணத்தைப் பிடிக்கும் வழி

திறந்தவுடனே க்ராஷ் ஆகிற மென்பொருளைச் சரிசெய்வது அவ்வளவு கஷ்டமில்லை. திறக்கிறீர்கள், விழுகிறது. ஒன்றை மாற்றிவிட்டு மறுபடி திறந்து பார்க்கிறீர்கள். ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். மூன்று நாள் ஒழுங்காக ஓடிவிட்டு நாலாம் நாள் விடிகாலையில் சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறதே, அதுதான் ஆளைப் படுத்தி எடுக்கும். விட்டு விட்டு வரும் காய்ச்சல் மாதிரி. டாக்டரிடம் போகும் நேரத்தில் உடம்பு சுடாது.

அந்த மாதிரி க்ராஷை எப்படிப் பின்தொடர்ந்து பிடிப்பது என்பதைப் புதியவர்களுக்காக எழுதுகிறேன். எடுத்துக்கொண்டிருக்கும் மென்பொருள் கியூபிட்டோரண்ட். டோரண்ட் முறையில் ஒரு கோப்பைத் துண்டு துண்டாகப் பலரின் கணினிகளிலிருந்து வாங்கி, மற்றவர்களுக்கும் கொடுக்கும் மென்பொருள் இது; அப்படி இறக்கும் ஒவ்வொன்றும் ஒரு டோரண்ட். 2006-இல் பிரான்ஸில் மாணவராக இருந்த கிறிஸ்டோஃப் டுமேஸ் தொடங்கியது. இப்போது தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். டெபியன், லிப்ரேஆபிஸ் போன்றவற்றின் நிறுவல் கோப்புகளை இறக்கவும், இறக்கியதை மற்றவர்களுக்குப் பகிரவும் நான் பல வருடமாக இதைத்தான் ஓட்டுகிறேன். இதற்குள் இரண்டு அடுக்கு உண்டு என்பதை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்கும் திரையும் பொத்தான்களும் கியூடி என்ற நூலகத்தின் (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) மேல் கட்டப்பட்டவை. துண்டுகளை வாங்குவது, கொடுப்பது, வட்டில் எழுதுவது எல்லாம் லிப்டோரண்ட் என்ற தனி நூலகத்தின் வேலை. எந்த அடுக்கில் விழுந்தது என்று தெரிந்தாலே தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

எல்லாரும் முதலில் செய்வது அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி போடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் அமைப்புகளும் டோரண்ட் பட்டியலும் பயனர் கோப்புறையில் இருக்கின்றன, மென்பொருளை நீக்கினாலும் அவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனால் கோளாறு அவற்றில் இருந்தால் திரும்பி வரும். இருந்த தடயங்கள்தான் கலைந்துபோகும்.

முதலில் ஒரு நகல்

கியூபிட்டோரண்டை முழுவதும் மூடுங்கள். மூலையில் இருக்கும் சின்ன ஐகானிலிருந்தும் வெளியேற வேண்டும். அப்புறம் பிடி பேக்கப் என்ற கோப்புறையைத் தேடி எடுங்கள். விண்டோஸில் அது ஆப்டேட்டாவின் லோக்கல் பகுதியில், கியூபிட்டோரண்ட் கோப்புறைக்குள் இருக்கும். லினக்ஸில் உங்கள் ஹோம் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் லோக்கல் கோப்புறைக்குள், ஷேர் என்பதன் அடியில் இருக்கும். அதற்குள் ஒவ்வொரு டோரண்டுக்கும் இரண்டு கோப்புகள்: ஒன்று டோரண்ட் கோப்பு, இன்னொன்று ஃபாஸ்ட்ரெஸ்யூம். எது எவ்வளவு இறங்கியிருக்கிறது, எங்கே வைத்திருக்கிறோம் என்ற கணக்கெல்லாம் ஃபாஸ்ட்ரெஸ்யூமில்தான். இந்தக் கோப்புறையை அப்படியே வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். இனி என்ன சோதனை செய்தாலும் பயமில்லை.

கையோடு ஹெல்ப் மெனுவில் அபவுட் பக்கத்தைத் திறந்து, பயன்படுத்திய மென்பொருள்கள் பட்டியலில் கியூடி, லிப்டோரண்ட், பூஸ்ட் ஆகியவற்றின் பதிப்பு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

விழுந்ததா, யாராவது கொன்றார்களா?

"காலையில் பார்த்தால் மூடியிருந்தது" என்பதற்குப் பல அர்த்தம் உண்டு. மென்பொருள் தானே தடுக்கி விழுந்திருக்கலாம். நினைவகம் போதாமல் இயங்குதளமே அதை நிறுத்தியிருக்கலாம். விண்டோஸ் அப்டேட் போட்டு இரவில் கணினியையே ரீஸ்டார்ட் செய்திருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று தேடினால் காலண்டர் மாதிரி ஒரு பக்கம் வரும். எந்தத் தேதியில் எது விழுந்தது என்று சிவப்புக் குறியோடு காட்டும். புதியவர்களுக்கு இதைவிட எளிதான இடம் இல்லை. இன்னும் விவரம் வேண்டுமானால் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன், அதில் 1000 என்ற எண்ணுள்ள பிழைகளைப் பாருங்கள். இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, பிழை நடந்த மாட்யூலின் (மென்பொருளின் ஒரு பகுதியாக ஓடும் கோப்பு) பெயர். இன்னொன்று, எக்ஸப்ஷன் கோட் என்ற விதிவிலக்குக் குறியீடு. அந்தக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 0005 என்றால் மென்பொருள் தனக்குச் சொந்தமில்லாத நினைவக இடத்தைத் தொட்டிருக்கிறது. 0006 என்றால் கதையே வேறு: வட்டிலிருந்து ஒரு பக்கத்தை நினைவகத்துக்குக் கொண்டுவர முயன்று முடியாமல் போயிருக்கிறது. 0006-ஐப் பார்த்தால் மென்பொருளை விட்டுவிட்டு நேராக வட்டையும் கேபிளையும் கவனியுங்கள்.

லினக்ஸில் டெர்மினலிலிருந்து ஓட்டினால், மென்பொருள் முடிந்தபோது விட்டுச்சென்ற எண்ணைக் கேட்டுப் பார்க்கலாம். சிக்னலால் (இயங்குதளம் மென்பொருளுக்கு அனுப்பும் அறிவிப்பு) முடிந்திருந்தால் அந்த எண் 128-உடன் சிக்னல் எண்ணைக் கூட்டியதாக இருக்கும். 139 என்றால் சிக்னல் 11, அதாவது செக்மெண்டேஷன் ஃபால்ட், தொடக் கூடாத நினைவக இடத்தைத் தொட்டிருக்கிறது. 134 என்றால் சிக்னல் 6. மென்பொருள் தன்னிடமே ஏதோ தவறு இருப்பதைக் கண்டு தானே நிறுத்திக்கொண்டது. 135 என்றால் சிக்னல் 7, பஸ் எரர். 137 என்றால் சிக்னல் 9, வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். பெரும்பாலும் நினைவகம் தீர்ந்துபோனதுதான் காரணம். டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் கருவி) ஓட்டுகிறவர்கள் 137-ஐ அடிக்கடி பார்த்திருப்பார்கள். சந்தேகமிருந்தால் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் லாகில், அதாவது நிகழ்வுப் பதிவில், அவுட் ஆஃப் மெமரி என்று தேடுங்கள். எந்த மென்பொருளைக் கொன்றது என்று பெயரோடு எழுதியிருக்கும்.

லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் சேவையாக ஓட்டுகிறீர்கள் என்றால் இன்னொரு எச்சரிக்கை. விழுந்தால் தானே எழுப்பிவிடும்படி அமைத்திருந்தால், வாரத்துக்கு நாலு முறை விழுந்தாலும் உங்கள் கண்ணில் படாது. ஜர்னல்சிடிஎல் கட்டளையில் அந்தச் சேவையின் வரலாற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். "போன வாரம்தான் ஆரம்பித்தது" என்று நினைத்த கோளாறு இரண்டு மாதமாக நடந்துகொண்டிருப்பது தெரியவரும்.

ஒரு நோட்டு போடுங்கள்

எனக்கு இது நடந்தது ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி ஒன்றில். திரையில்லாமல் ஓடும் நாக்ஸ் பதிப்பு, யூஎஸ்பியில் இரண்டு 2.5 அங்குல ஹார்டு டிஸ்க். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை விழும். முதலில் புதிய பதிப்பு போட்டேன், பிறகு பழைய பதிப்புக்குத் திரும்பினேன், இணைப்பு எண்ணிக்கையைக் குறைத்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் ஓடியவுடன் சரியாகிவிட்டது என்று நம்பினேன். மூன்று வாரம் அப்படியே போனது.

அப்புறம்தான் பள்ளி நோட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு முறை விழும்போதும் நாலு விஷயம் எழுத ஆரம்பித்தேன்: தேதியும் நேரமும், கடைசியாகத் தொடங்கி எத்தனை மணி நேரம் ஓடியது, அந்த நேரத்தில் அது என்ன செய்துகொண்டிருந்தது, கெர்னல் லாகில் அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தில் என்ன இருந்தது. ஆறாவது பதிவு எழுதியபோது பக்கம் தானே பேசியது. ஆறில் ஐந்து முறை, நான் புதிதாக ஒரு பெரிய டோரண்டைச் சேர்த்த சில நிமிடத்தில் விழுந்திருக்கிறது. கெர்னல் லாகில் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசை: முதலில் அண்டர்வோல்டேஜ் (மின்னழுத்தக் குறைவு), இரண்டு மூன்று விநாடி கழித்து யூஎஸ்பி டிஸ்கனெக்ட், அதற்கடுத்த வரியில் கியூபிட்டோரண்ட் சிக்னல் 7-உடன் முடிந்தது.

அன்று மாலை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெரிய டோரண்டைச் சேர்த்தேன். தூங்கிக்கொண்டிருந்த இரண்டாவது டிஸ்க் சுழலத் தொடங்கும் சத்தம் கேட்டது. உடனே முதல் டிஸ்கிலிருந்து டிக் என்று ஒரு சத்தம், அதன் விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. அவ்வளவுதான். பை 4-இன் நான்கு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். ஒரு டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று சுழலத் தொடங்கினால் அது போதாது. தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் வாங்கி டிஸ்குகளை அதில் மாட்டினேன். கியூபிட்டோரண்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, கோளாறு போய்விட்டது.

இதைச் சொல்வதற்குக் காரணம், டிஸ்க் ஒரு விநாடி மறைந்ததற்கு ஒரு மென்பொருள் ஏன் மொத்தமாகச் சாக வேண்டும் என்பது புதியவர்களுக்குப் புரிவதில்லை. லிப்டோரண்ட் 2.0 தொடரில் வட்டில் இருக்கும் கோப்பை நேராக நினைவகத்தோடு பொருத்திக்கொள்ளும் முறை வந்தது. மென்பொருளுக்கு அந்தக் கோப்பு சாதாரண நினைவகம் போலத் தெரியும். படிக்கும்போது இயங்குதளம் பின்னாலிருந்து வட்டைத் தொட்டு எடுத்துக் கொடுக்கும். வழக்கமான முறையில் வட்டு படிக்க முடியாமல் போனால் ஒரு பிழைச் செய்தி திரும்ப வரும், மென்பொருள் சமாளித்துக்கொள்ளலாம். இந்த முறையில் பிழைச் செய்தி வர வழியில்லை. இயங்குதளம் சிக்னல் 7-ஐத்தான் அனுப்பும். விண்டோஸில் அதுதான் மேலே சொன்ன 0006. நூலகம் அதைப் பிடித்துச் சமாளிக்கப் பார்க்கும், பிடிபடாத இடத்தில் விழுந்துவிடும். லிப்டோரண்ட் 2 உள்ள பதிப்புகளில் அட்வான்ஸ்டு அமைப்புகளில் டிஸ்க் ஐஓ வகை என்று ஒன்று இருக்கிறது. அதை போசிக்ஸ் என்ற அந்த வழக்கமான முறைக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம். நினைவகம் ஏறிக்கொண்டே போகிற மாதிரி தெரிந்தாலும் இந்த மாற்றம் பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் டிஸ்க் மறைகிறது என்றால் இது வலி மாத்திரைதான், கேபிளை மாற்றுங்கள்.

டோரண்டை வைத்தே வன்பொருளைச் சோதிக்கலாம்

இது எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். வழக்கமான டோரண்ட் கோப்புக்குள் ஒவ்வொரு துண்டுக்கும் 20 பைட்டில் ஒரு ஷா-1 கைரேகை இருக்கிறது. ஃபோர்ஸ் ரீசெக் கொடுத்தால் வட்டில் இருப்பதை முழுக்கப் படித்து, ஒவ்வொரு துண்டின் கைரேகையையும் மறுபடி கணக்கிட்டு ஒப்பிடும். ஒரு பிட் மாறினாலும் தெரிந்துவிடும்.

உங்கள் கணினியின் ராமைவிடப் பெரிய, முழுவதும் இறங்கிய ஒரு டோரண்டைத் தேர்ந்தெடுங்கள். சின்னதாக இருந்தால் இரண்டாம் முறை வட்டைத் தொடாமல் ராமிலிருந்தே படித்துவிடும், வட்டைச் சோதித்ததாக ஆகாது. இணையத்தைத் துண்டித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தவறிய துண்டுகளை உடனே மறுபடி இறக்கிச் சரிசெய்துவிடும். இப்போது மூன்று முறை ரீசெக். மூன்றிலும் 100 சதவீதம் வந்தால் நல்லது. மூன்றிலும் அதே 99.7 வந்து, துண்டுப் பட்டையில் அதே இடத்தில் இடைவெளி விழுந்தால் வட்டில் உள்ள கோப்பே கெட்டிருக்கிறது. ஒருமுறை 99.7, அடுத்த முறை 99.9, இடைவெளியும் இடம் மாறி விழுகிறது என்றால் கோப்பு மாறவில்லை, படிக்கும் பாதைதான் பொய் சொல்கிறது. ராம், கேபிள், டிஸ்க் பெட்டியின் சின்ன சர்க்யூட் போர்டு, இவற்றில் ஒன்று. அப்படிப்பட்ட கணினியில் எந்த மென்பொருளும் எப்போதாவது விழத்தான் செய்யும்.

ராமுக்கு மெம்டெஸ்ட்86+. பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்து ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் குச்சி போய்விட்டது என்று அர்த்தம். கணினியை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் ஓவர்கிளாக், அல்லது ராமை வேகப்படுத்தும் எக்ஸ்எம்பி போட்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். டிஸ்குக்கு ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கைப் பாருங்கள். 5-ஆம் எண் மாற்றி வைத்த செக்டர்கள் (டிஸ்கின் சின்னச் சின்ன சேமிப்பு இடங்கள்), 197 மாற்றத்துக்குக் காத்திருக்கும் செக்டர்கள், 199 கேபிள் வழியில் வந்த பிழைகள். 197 பூஜ்யமாக இல்லையென்றால் முதலில் முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்குக்கு மாற்றுங்கள், க்ராஷை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு நாள் காத்திருப்பது?

மேலே நான் மூன்று வாரத்தை வீணாக்கியதாகச் சொன்னேன் அல்லவா? அதற்குக் காரணம் இந்தக் கணக்கு தெரியாததுதான். உங்கள் கியூபிட்டோரண்ட் சராசரியாக மூன்று நாளுக்கு ஒருமுறை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நேரத்திலும் விழலாம், அதற்கு ஒழுங்கு கிடையாது. நீங்கள் எதையுமே மாற்றாவிட்டாலும் அது மூன்று நாள் விழாமல் ஓடுவதற்கு வாய்ப்பு சுமார் 37 சதவீதம். ஆறு நாள் ஓடுவதற்கு சுமார் 14 சதவீதம். ஒன்பது நாளுக்கு 5 சதவீதம். அதனால் ஒரு மாற்றம் செய்தபின் "இரண்டு நாளாக நன்றாக ஓடுகிறது" என்பதற்கு மதிப்பே இல்லை. சராசரி இடைவெளி எவ்வளவோ, அதைப்போல மூன்று மடங்கு காலம் விழாமல் ஓடினால்தான் மாற்றம் வேலை செய்தது என்று ஓரளவு நம்பலாம்.

இதனால்தான் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஐந்தை மாற்றினால் எது காப்பாற்றியது என்று தெரியாது. அதே சமயம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒன்பது நாள் போகும் என்றால் எதை முதலில் மாற்றுவது என்பதை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நோட்டு அதற்குத்தான். எதை மாற்றினீர்கள், எந்தத் தேதியில் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

முடிந்தால் க்ராஷை அடிக்கடி வரவையுங்கள். விநோதமாகத் தோன்றலாம், ஆனால் வேகமாக வரும் கோளாறு சீக்கிரம் பிடிபடும். நோட்டில் தெரிந்த சந்தேகத்தை எடுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள்: பெரிய டோரண்டாகச் சேர்ப்பது, ஒரே நேரத்தில் நாலு ரீசெக், டிஸ்கைத் தூங்கவிட்டு எழுப்புவது. மூன்று நாளுக்கு ஒருமுறை விழுந்தது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை விழுந்தால் ஒன்பது நாள் வேலை மூன்று மணி நேரத்தில் முடியும்.

புது ப்ரொஃபைல், இரண்டு பாதி

வன்பொருள் சுத்தம் என்றால் அடுத்தது அமைப்புகளும் டோரண்ட் பட்டியலும். கியூபிட்டோரண்டைக் கட்டளை வரியில் ப்ரொஃபைல் என்ற விருப்பத்தோடு ஒரு காலிக் கோப்புறையைக் காட்டித் தொடங்கினால், புதிதாக நிறுவியது போல வரும், பழையது தொடப்படாது. அதில் இரண்டு மூன்று டோரண்டை மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

அங்கே விழவில்லை என்றால் உங்கள் பழைய பட்டியலில் ஏதோ ஒரு டோரண்ட் காரணமாக இருக்கலாம். பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடுவது வழக்கம்: 180 டோரண்ட் என்றாலும் எட்டுச் சுற்றில் ஒன்றுக்கு வந்துவிடலாம். ஆனால் சுற்றுக்கு ஒன்பது நாள் என்றால் எட்டுச் சுற்று 72 நாள். அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. இரண்டு ப்ரொஃபைல் கோப்புறை செய்து, இரண்டு பாதியையும் ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். இரண்டுக்கும் கேட்கும் போர்ட் எண் வேறாக இருக்க வேண்டும். ஒரே டோரண்ட் இரண்டிலும் இருக்கக் கூடாது. டோரண்ட் கோப்பையும் அதன் ஃபாஸ்ட்ரெஸ்யூமையும் ஜோடியாகவே நகர்த்த வேண்டும். இப்போது விழாத பாதிக்காகக் காத்திருக்க வேண்டாம், எது விழுகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி இரண்டாகப் பிரிக்கலாம். ஒருமுறை இதுவும் ஒருமுறை அதுவுமாக விழுந்தால் டோரண்டுகள் மேல் பழியில்லை, வேறு இடத்தில் தேடுங்கள். அட்வான்ஸ்டு அமைப்பில் தரவுத்தளத்தில் சேமிக்கும்படி மாற்றியிருந்தால் தனித்தனிக் கோப்புகள் இருக்காது, இந்த வழி பொருந்தாது.

விண்டோஸில் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி திறக்கும்போது மட்டும் விழுகிறது என்றால் பெரும்பாலும் எக்ஸ்புளோரருக்குள் புகுந்திருக்கும் வேறொரு மென்பொருளின் ஒட்டுதான் காரணம். ஈவென்ட் வியூவரில் மாட்யூல் பெயரைப் பார்த்தாலே தெரியும்.

புகார் எழுதுவது

இவ்வளவுக்குப் பிறகும் விழுகிறது என்றால் மென்பொருளிலேயே பிழை இருக்க நல்ல வாய்ப்பு. அதை உறுதிசெய்ய ஸ்டாக் ட்ரேஸ் வேண்டும், அதாவது விழுந்த கணத்தில் எந்தச் செயற்கூறு எதைக் கூப்பிட்டு எங்கே நின்றது என்ற பட்டியல். விண்டோஸில் பல நேரம் கியூபிட்டோரண்டே விழும்போது ஒரு பெட்டியில் காட்டும். மூடும் முன் முழுவதையும் நகல் எடுங்கள். லினக்ஸில் கோர்டம்ப்சிடிஎல் கட்டளையில் பழைய க்ராஷ்களின் பட்டியல் வரும். அதிலிருந்தே ஜிடிபி பிழைதிருத்தியைத் திறந்து எல்லா த்ரெட்களின் (மென்பொருளுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) ட்ரேஸையும் எடுக்கலாம். செயற்கூற்றுப் பெயர்களுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகளாக வந்தால், அந்தப் பெயர்களைத் தரும் டீபக் குறியீட்டுத் தொகுப்பை நிறுவிவிட்டு மறுபடி எடுங்கள்.

ஒன்று போதாது, மூன்று ட்ரேஸாவது சேருங்கள். மூன்றிலும் மேல் வரிகள் ஒரே செயற்கூற்றைக் காட்டினால் அது மென்பொருள் பிழையின் முகம். ஒவ்வொன்றும் சம்பந்தமே இல்லாத இடத்தில் நின்றால் ராம் மேல் மறுபடி சந்தேகப்படுங்கள். நினைவகத்தை எங்கோ கெடுத்துவிட்டு வேறெங்கோ விழும் மென்பொருள் பிழையும் அப்படித் தெரியும், ஆனால் மெம்டெஸ்ட் ஓட்டுவது எளிது, அதை முதலில் செய்யுங்கள்.

புகாரை எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். பதிப்பு எண்கள், இயங்குதளம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, என்ன செய்யும்போது, எதையெல்லாம் சோதித்தீர்கள், ட்ரேஸ். ஏற்கெனவே யாராவது அதே ட்ரேஸோடு எழுதியிருக்கிறார்களா என்று மேல் வரியின் செயற்கூற்றுப் பெயரைத் தேடிவிட்டு எழுதுங்கள். லாகை ஒட்டும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்: கோப்புகளின் பெயர், உங்கள் பயனர் பெயர், ஐபி முகவரி, தனியார் ட்ராக்கர் (டோரண்டைப் பகிர்வோரை இணைத்துவைக்கும் சர்வர்) என்றால் உங்களை அடையாளம் காட்டும் ரகசியக் குறியீடான பாஸ்கீ எல்லாம் அதில் இருக்கலாம். கோர் டம்ப் கோப்பைப் பொதுவெளியில் ஏற்றவே கூடாது. அது அந்தக் கணத்தில் நினைவகத்தில் இருந்தவற்றின் நகல், கடவுச்சொல்கூட இருக்கலாம்.

நிரலாளர் ஒரு சோதனைப் பதிப்பைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னால், அந்த மூன்று மடங்குக் காலம் முழுவதும் ஓட்டிவிட்டுப் பதில் எழுதுங்கள். நடுவில் உங்கள் பக்கத்துக் கேபிள்தான் காரணம் என்று தெரிந்தாலும் போய்ச் சொல்லிவிட்டுப் புகாரை மூடுங்கள். நான் மூடிய புகாரில் கெர்னல் லாகின் அந்த மூன்று வரியையும் ஒட்டி வைத்தேன். அடுத்து அதே வரிகளைத் தேடிக்கொண்டு வருகிறவருக்கு முதல் நாளிலேயே ஹப் வாங்கத் தோன்றும்.